போர்டு பார்த்துட்டுத்தானே நிறுத்தினீங்க?

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அவங்க அபார்ட்மென்ட்டில் விருந்தாளிகளுக்கான இடம் நிரம்பியிருந்தது. ஓரமாகக் காலியாக இருந்த இடத்தில் காரை விட்டுவிட்டு மேலே போனேன். சாப்பிட்டு இறங்கி வந்தால் முன்சக்கரத்தில் மஞ்சள் பூட்டு. ஐந்நூறு ரூபாய் கட்டினால்தான் சாவி. எந்தச் சட்டத்தில் இதைச் செய்கிறீர்கள் என்று செயலாளரைக் கேட்டேன். அவர் கோபப்படவே இல்லை. "போர்டு இருக்குல்ல சார்? பார்த்துட்டுத்தானே நிறுத்தினீங்க?" என்றார். கட்டிவிட்டு வந்தேன்.

அவர் சொன்ன ஒரு வரி மண்டையில் குடைந்துகொண்டே இருந்தது. தேடிப் பார்த்ததில், ஏறக்குறைய அதே வரியை இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1995-ல் சட்டமாகவே சொல்லியிருக்கிறது! அந்தத் தீர்ப்பைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. கட்சிக்காரர்கள் பெயர் வேண்டாமென்று வழக்குகளை ஊர்ப் பெயரால் சொல்கிறேன்.

ட்ரூரோ வழக்கு. கார்ன்வால் பகுதியில் ஒரு தனியார் பார்க்கிங். அனுமதியில்லாமல் நிறுத்தினால் பூட்டுவோம், விடுவிக்க 40 பவுண்டு என்று போர்டு. அதைப் பார்த்தும் ஒருவர் நிறுத்தினார், பூட்டினார்கள். அவர் பணம் கட்ட மறுத்தார். ராத்திரியோடு ராத்திரியாக கார் போய்விட்டது, கிளாம்ப்பும் போய்விட்டது. வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தது.

நிலக்காரர் தரப்பு ஒரு பழைய உரிமையைத் தூக்கிக்கொண்டு வந்தது: அடுத்தவன் மாடு என் வயலில் மேய்ந்தால், நஷ்டத்தைக் கொடுக்கும் வரை மாட்டைப் பிடித்துக் கட்டி வைக்கலாம். நம்ம ஊர்ப் பட்டியில் அடைப்பது மாதிரிதான். நீதிபதி சர் தாமஸ் பிங்காம் இதை ஏற்கவில்லை. நிஜமாகவே நஷ்டம் நடந்திருந்தால்தான் அந்த உரிமை; சும்மா நின்ற கார் எதை மேய்ந்தது? ஆனால் வேறொரு கதவைத் திறந்துவிட்டார். போர்டைப் படித்துவிட்டு நிறுத்தியவர் பூட்டப்படுவதற்கு ஒப்புக்கொண்டவர் ஆகிறார். ஒப்புக்கொண்ட பிறகு அத்துமீறல் என்று சொல்ல முடியாது. கூடவே சில நிபந்தனைகள்: தொகை நியாயமானதாக இருக்க வேண்டும், பணம் கொடுத்தால் தாமதமில்லாமல் விட வேண்டும், ஆளைத் தொடர்புகொள்ள வழி இருக்க வேண்டும்.

பிங்காம் சாதாரண ஆள் இல்லை. நான் மதிக்கிற நீதிபதி. ஆனாலும் இந்த வாதம் எனக்கு ஒட்டவில்லை. மூன்று காரணம்.

ஒன்று, 'ஒப்புதல்' என்ற சொல்லுக்கு இங்கே அர்த்தமே மாறிவிடுகிறது. என் வீட்டுக்குள் வர உங்களுக்கு ஒப்புதல் தந்தால், போகச் சொல்லவும் எனக்கு உரிமை உண்டு. பூட்டிய காரின் முன்னால் நின்று "எடுங்கய்யா" என்று கத்துகிறவன் எந்த விதத்தில் இன்னமும் ஒப்புக்கொண்டிருக்கிறான்? மாட்டிக்கொள்ள மாட்டோம் என்று நினைத்துத்தான் அவன் நிறுத்தியிருப்பான். அதற்குப் பெயர் அசட்டுத் துணிச்சல், ஒப்புதல் இல்லை.

இரண்டு, தொகை நியாயமா என்று முதலில் முடிவு செய்வது யார்? பூட்டியவரே. குற்றம் சாட்டுவதும் அவர், தீர்ப்பும் அவர், வசூலும் அவர். ராத்திரி பதினொரு மணிக்குக் குழந்தையோடு நிற்பவருக்கு நீதிமன்றத்தின் நிபந்தனைகளால் என்ன பயன்? கட்டிவிட்டு, பிறகு வழக்குப் போடு என்பதுதான் மிச்சம்.

மூன்றாவது கொஞ்சம் வேடிக்கை. வண்டி அங்கே நிற்கக்கூடாது என்பதுதானே நிலக்காரரின் குறை? பூட்டினால் அது அங்கேயேதான் நிற்கும்!

இந்த வாதம் எவ்வளவு மெல்லியது என்பது 2000-ல் தெரிந்தது. வால்தம் ஃபாரஸ்ட் கவுன்சிலுக்கு எதிரான வழக்கு. ஒரு பெண் உடம்பு முடியாமல், வாந்தி எடுப்பதற்காகக் காரை ஓரங்கட்டினார். சில நிமிடங்களில் பூட்டு. விடுவிக்க நூறு பவுண்டுக்கு மேல் கட்டினார். போர்டை வேறொரு வண்டி மறைத்திருந்தது, அவர் பார்க்கவில்லை. பார்க்காதவர் ஒப்புக்கொள்ளவும் இல்லை என்று மேல்முறையீட்டில் ஜெயித்தார். சரியான முடிவுதான். ஆனால் ஒரே பூட்டு, ஒருத்தருக்குச் சட்டப்படி, இன்னொருத்தருக்கு அத்துமீறல், கண் எங்கே பார்த்தது என்பதைப் பொறுத்து.

ஸ்காட்லாந்து இந்தச் சுற்றுவழிக்கே போகவில்லை. 1992-லேயே அங்குள்ள உயர் நீதிமன்றம், தனியார் நிலத்தில் வண்டியைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பது மிரட்டிப் பறித்தல், திருட்டும்கூட என்று சொல்லிவிட்டது. போர்டு இருந்தாலும் அப்படித்தான்.

சரி, பூட்டை நாமே அறுத்துவிட்டால்? 1990-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஒருவர் டிஸ்க் கட்டரால் அறுத்தார். பொருளுக்குச் சேதம் விளைவித்த குற்றத்துக்குத் தண்டனை. மேல்முறையீட்டிலும் அது நின்றது. எதிர்ப்பைத் தெரிவித்துப் பணம் கட்டிவிட்டு வழக்குப் போட்டிருக்கலாமே என்றது நீதிமன்றம்.

கடைசியில் நாடாளுமன்றமே இறங்கியது. 2012-ன் சுதந்திரங்கள் பாதுகாப்புச் சட்டம், 54-வது பிரிவு. சட்ட அதிகாரம் இல்லாமல் வண்டியை நகரவிடாமல் செய்வது குற்றம். ஓட்டுநரின் ஒப்புதல், வெளிப்படையோ மறைமுகமோ, சட்ட அதிகாரம் ஆகாது. பிங்காமின் வாதத்தைக் குறிபார்த்து அடித்தது போல இருக்கிறது இந்த இரண்டாவது பாதி. அந்த வருடம் அக்டோபர் 1-ல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அமலானது. போலீஸைக் கூப்பிடும் உரிமை பூட்டியவர் பக்கத்திலிருந்து பூட்டப்பட்டவர் பக்கத்துக்கு வந்தது.

அப்போ நிலக்காரர் கதி? அவர் குறையும் உண்மையானதுதான். அதே சட்டம் அவருக்கும் வழி தந்தது: ஓட்டியவர் யாரென்று தெரியாவிட்டால், சில நிபந்தனைகளோடு, வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரிடமே கட்டணம் கேட்கலாம். 2015-ல் செம்ஸ்ஃபோர்டு வழக்கில் இரண்டு மணி நேர இலவச பார்க்கிங்கை 56 நிமிடம் தாண்டியவருக்கு 85 பவுண்டு கட்டணம் செல்லும் என்று உச்ச நீதிமன்றமே சொன்னது. 85 கூட அதிகம் என்று தோன்றலாம். ஆனால் வித்தியாசத்தைப் பாருங்க: கார் உங்கள் கையில் இருக்கிறது, சண்டை காகிதத்தில் நடக்கிறது. நீதிமன்றத்துக்கு முதலில் போக வேண்டியவர் பணம் கேட்பவர். பூட்டு இந்த வரிசையைத்தான் தலைகீழாக்கியது.

நம்ம நாட்டில்? 1988 மோட்டார் வாகனச் சட்டம் 127-வது பிரிவு பொது இடங்களில் நிற்கும் வண்டிகளுக்குக் கிளாம்ப் போட வழி செய்கிறது. அதற்கு அனுமதி தர வேண்டியவர் சீருடையில் உள்ள, அந்த எல்லைக்குரிய போலீஸ் அதிகாரி. அசோசியேஷன் செயலாளர் அந்தப் பிரிவில் எங்கும் இல்லை.

நான் தப்பான இடத்தில் நிறுத்தியது தப்புதான். அதை மறைக்கவில்லை. என் பெயரைக் குறித்துக்கொண்டு அக்காவிடம் கேட்டிருந்தால், தயங்காமல் கட்டியிருப்பேன். அடுத்த முறை செயலாளரைப் பார்த்தால் சொல்ல ஒரு பதில் வைத்திருக்கிறேன்: "பார்த்தேன் சார். ஆனா ஒத்துக்கலை."