செத்தும் கொடுத்தவரும் மூச்சடக்கி எடுத்தவரும்

கீழக்கரையில் 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பெருவணிகர் ஷெய்கு அப்துல் காதிர், மக்கள் நாவிலே சீதக்காதியாகி நிலைபெற்றுவிட்டார். இறந்த பின்னும் கொடுத்தவர் என்பது அவர் புகழ். படிக்காசுப் புலவர் அடக்கத்தலத்தில் நின்று பாட, மோதிரம் அணிந்த கை வெளியே நீண்டது என்பது கதை. நம் புத்தளக் கரையிலும் செல்வர் ஒருவர் பள்ளிக்குக் கட்டடம் கொடுத்தால், வாழ்த்துரையில் இப்பெயர் தவறாது ஒலிக்கும். வாழ்த்துவோர் வாழ்த்தட்டும். அந்தக் கைக்குள் பொருள் எவ்வாறு வந்தது என்று கேட்பது இலக்கிய மாணவனின் கடமை.

சீதக்காதியின் வரலாற்றுச் சிறப்பை நாம் மறுக்கவில்லை. கிழவன் சேதுபதியின் நண்பராக விளங்கியவர் அவர். ஒல்லாந்தரின் ஆவணங்களிற் காணப்படும் பெரியதம்பி மரைக்காயர் இவரே என்பர் ஆய்வாளர் பலர். 1659இல் கற்பிட்டியைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், 1667இல் அங்கே கோட்டை கட்டத் தொடங்கினர். கண்டி அரசுக்கும் தென்னிந்தியக் கரைக்கும் இடையே நிகழ்ந்த பாக்கு, துணி வணிகத்தைத் தம் பிடிக்குள் அடக்குவதே அவர் நோக்கம். அந்த ஏகபோகத்துக்கு வளைந்து கொடுக்காத சுதேச வணிகரின் துணிவு போற்றத்தக்கதே. ஆயினும், முத்தும் சங்கும் தாமாகக் கரையேறுவதில்லை. மூச்சடக்கி மூழ்கியவனின் பெயரை எந்தப் புலவர் பாடினார்?

இனி, இலக்கியத்தை நோக்குவோம். உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடத் துணைநின்றவர் சீதக்காதி. அவர் மறையவே காப்பியப் பணி தடைப்பட்டது; பின்னர் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயரின் ஆதரவினாலேயே அது தொடர்ந்தது. காப்பியத்தின் பல இடங்களில் புகழப்பெறுபவரும் இவரே. நபிகளாரின் வரலாறு அந்நூலில் நிறைவுறவில்லை. எஞ்சியதைப் பனீ அகுமது மரைக்காயர் ‘சின்னச் சீறா’வாகப் பாடினார். செத்தும் கொடுத்தார் என்ற கதைக்கும், சாவினால் கொடை நின்றது என்ற உண்மைக்கும் உள்ள முரண்பாட்டைக் கவனியுங்கள். கவிஞனின் எழுத்தாணி ஒரு தனிமனிதரின் பணப்பையோடு கட்டப்பட்டிருந்த சமுதாயத்தின் முரண்பாடு அது.

‘சீதக்காதி நொண்டி நாடகம்’ இன்னொரு சான்று. குதிரை திருடி, தண்டனையாக உறுப்பிழந்த ஒரு கள்வன் அதிலே கதைத்தலைவன். காப்பியம் புறக்கணித்த தெருமனிதன் தமிழ் அரங்கில் பேசத் தொடங்கியது பெரும் முன்னேற்றம். ஆனால், அவனுக்கு வழிகாட்டுவது வள்ளலின் இரக்கமே. திருத்தப்படுவது கள்வன் மட்டுமே. அவனைக் கள்வனாக்கிய வறுமை தொடப்படவில்லை.

இங்கிலாந்தில் டியூடர் காலத்து வணிகர் தாமஸ் கிரெஷாமும் (1519–1579) செத்தும் கொடுத்தவரே. அவர் லண்டனில் எழுப்பிய வணிகமன்றத்தை 1571இல் எலிசபெத் அரசி திறந்துவைத்தார். அவரது மரணசாசனப்படி, அம்மன்றத்து வாடகை வருவாயைக் கொண்டு 1597இல் கிரெஷாம் கல்லூரி தோன்றியது. அதன் விரிவுரைகள் இன்றும் எவருக்கும் இலவசம். அந்த வாடகையும் பிறர் உழைப்பில் விளைந்ததுதான். எனினும், கொடை அங்கே நிறுவனமாயிற்று. கற்க வருபவன் எவர் புகழையும் பாட வேண்டியதில்லை.

எனவே, சீதக்காதியை நம் மாணவர் வெறுக்க வேண்டியதுமில்லை, வணங்க வேண்டியதுமில்லை, அறிய வேண்டும். கல்வி வள்ளலின் கருணையன்று, மக்களின் உரிமை. அந்த உரிமை நிலைபெறும் நாளில், கல்லறையிலிருந்து ஒரு கை நீள வேண்டிய தேவை எவருக்கும் இராது.