கிளாவர் இரண்டின் வயது

பழைய சீட்டுக்கட்டுகளைச் சேகரிப்பவர்களுக்கான நூல்கள் காலம் கணிப்பதில் கெட்டிக்காரத்தனமானவை. ஜோக்கர் கூடவே வந்த கட்டு என்றால் 1860களுக்கு முந்தியதல்ல. மூலையில் எண்ணும் எழுத்தும் இல்லாவிட்டால் பொதுவாக அதே நூற்றாண்டின் பழைய கட்டு. இங்கிலாந்தில் ஸ்பேட்ஸ் ஆஸில் வரி முத்திரை ஏறிய காலம் உண்டு. அந்த ஒற்றைச் சீட்டே கட்டின் பிறப்புச் சான்றிதழ். அதைக் கள்ளமாய் அச்சடித்த ரிச்சர்ட் ஹார்டிங்கை 1805இல் தூக்கிலே போட்டார்கள்.

இந்த நூல்களை விரும்பித்தான் வாசிக்கிறேன். ஆனால் அவை கேட்பதெல்லாம் எப்போது அச்சடித்தார்கள் என்ற கேள்வியை மட்டுமே. விளையாடிய கையின் அடையாளம் அவற்றுக்குப் பழுது, விலை குறையும்.

எங்கள் 304ஐ வைத்துப் பார்த்தால் இந்தக் கணக்குப் பிசகுகிறது. ஜாக் 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, ராசா 3, ராணி 2. ஓர் இனத்துக்கு 76, நாலுக்கும் 304. நாலு பேர் ஆட 32 சீட்டுப் போதும். இரண்டு முதல் ஆறு வரையான இருபதும் ஒதுங்கிக் கிடக்கும். ஆகவே ஒரு 304 கட்டில் ஜாக்கும் ஒன்பதும் துணிபோல நைந்திருக்க, சின்னச் சீட்டுகள் மினுங்கும். இரண்டு வயது, ஒரே கட்டுக்குள்.

ட்வெய்ட்டாவில் அப்பாவின் அலுமாரியில் இருப்பது அப்படிப்பட்ட கட்டு. அது தாத்தா வாங்கியது, வெள்ளைக்காரன் காலத்தது என்பார். பெட்டியின் அடியில் பார்கோடு இருக்கிறது. கடையில் முதன்முதலாகப் பார்கோடு வாசித்து ஒரு பொருளை விற்றதே 1974இல்தான். காட்டினேன். "பெட்டி பிறகு வந்தது, தம்பி" என்றார். சேகரிப்பாளர்களும் இதே எச்சரிக்கையைச் சொல்வதால் வாயை மூடிக்கொண்டேன்.

உண்மையான சாட்சி உள்ளே கிடந்தது. தொலைந்துபோன ஜாக்குகளுக்குப் பதிலாகச் சின்னச் சீட்டில் எழுதி ஆடியிருக்கிறோம். டைமன் இரண்டில் அப்பாவின் சாய்ந்த எழுத்தில் 'ஜே'. கிளாவர் இரண்டில் கோணல்மாணலாய் 'கே, என்' என்று இரண்டு எழுத்து. நோர்வேச் சீட்டில் ஜாக்கின் பெயர் 'க்னெக்ட்', மூலையில் அந்த இரண்டு எழுத்தும்தான் இருக்கும். அது என் கையெழுத்து. இங்கே பள்ளிக்கூடம் சேர்ந்த முதல் குளிர்காலம், பத்து வயது. ஒல்லாந்தர் விட்டுப்போன எங்கள் 'கிளாவர்', நோர்வேஜிய மொழியிலும் ஏறக்குறைய அதே ஒலிதான் என்பதால், அது வீட்டுச் சொல்லென்றே அப்போது நம்பியிருந்தேன்.

கையேட்டின்படி பார்த்தால் இது கிறுக்கிக் கெடுத்த சீட்டு. எந்த அச்சகத்துச் சீட்டென்று கண்டுபிடிக்க அந்தக் கையேடுகளைத் தவிர வேறு வழியில்லை; அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்தக் கட்டில் ஆண்டு சொல்லக்கூடிய ஒரே சீட்டு இதுதான், அதற்கு அவற்றில் ஒரு பத்திகூட இல்லை.

ஒரேயொரு குறை. மற்றவை நைந்திருக்க அதன் முதுகு மட்டும் பளபளப்பதால், கிளாவர் ஜாக் யாரிடம் என்பது மேசையில் எல்லாருக்கும் தெரியும். அப்பா மட்டும் ஒவ்வொரு முறையும் தெரியாதவர் போலவே கேள்வி கேட்பார்.