வீடியோ ஓடுகிறது, நோட்டை யார் பார்ப்பது?

நம் தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணிதத் தாளில் வடிவியலுக்கு 8 மதிப்பெண், வரைபடத்துக்கு 8. தேறுவானோ மாட்டானோ என்றிருக்கும் பிள்ளையிடம் நம் அவலூர்பேட்டையில் மட்டுமல்ல, எந்த ஊர்க் கணக்கு வாத்தியாரும் சொல்வது இதுதான்: "அந்தப் பதினாறை விட்டுடாதே." இதற்கு இணையான இலங்கையின் சாதாரண தரப் பரீட்சையிலும் இரண்டாம் தாளில் காம்பஸ் எடுத்து வரையும் கேள்வி உண்டு. தேர்ச்சிக்கு இங்கே 35. அங்கே 'சித்தி' பெறவும் அதே 35.

இந்தக் கணக்கை இணையத்தில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

இரண்டு அரசுகளும் முதலில் திரையை நம்பின. தமிழ்நாட்டில் 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, கொரோனா காலத்தில் வகுப்பறையாகவே ஆனது. இலங்கையில் நேத்ரா தொலைக்காட்சியில் 'குருகுலம்', இணையத்தில் 'ஈ-தக்சலாவ'. நம் புதிய பாடநூல்கள் ஒரு படி மேலே போய், க்யூஆர் கோடு வழியாக ஜியோஜீப்ராவுக்கு அழைத்துச் சென்றன. முக்கோணத்தின் முனையை இழுத்தால் கோணம் மாறுவதைப் பிள்ளையே பார்க்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வீட்டுக்கு ஒரு போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டால்?

திரைக்கு அப்பால்தான் வழிகள் பிரிகின்றன. இலங்கையில் பள்ளிக்கு நிகராக டியூஷன் வேரூன்றியிருந்தது. ஊரடங்கில் அது அப்படியே ஜூமுக்குப் போயிற்று. கடந்தகால வினாத்தாளைச் செய்து, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், எந்த வரியில் புள்ளி போனது என்று ஆசிரியர் குறித்து அனுப்புவார். கணக்குக்கு இதைவிடச் சிறந்த இணைய முறை எனக்குத் தெரியாது. ஆனால் காசும் சிக்னலும் உள்ளவனுக்கே அது வாய்த்தது. போகிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடிக் காட்டு வழியே குன்றேறினார்கள். 43 லட்சம் மாணவரில் அதிகம் போனால் 40 சதவீதம் பேருக்கே இணைய வகுப்பு எட்டுகிறது என்று 2021இல் மதிப்பிட்டார் இலங்கை ஆசிரியர் சங்கத்தின் ஜோசப் ஸ்டாலின். அந்த ஜூலையில் ஆசிரியர்கள் இணையக் கற்பித்தலையே நிறுத்திப் போராடினார்கள். அடுத்த ஆண்டு, நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு.

இங்கே வேறொரு ஸ்டாலின், அப்போதைய முதல்வர் மு.க. ஸ்டாலின், 2021 அக்டோபர் 27 அன்று, நம் விழுப்புரம் மாவட்டத்து முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் மாலையில் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து நோட்டைப் பார்ப்பார். இணையத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். வீடியோவில் இல்லாத பாதி இதுதான். கடன் வாங்கிக் கழிக்கையில் பிள்ளை எங்கே சறுக்குகிறது என்பது திரைக்குத் தெரியாது, அந்த அக்காவுக்குத் தெரியும். இலங்கை காசுக்கு விற்றதை நாம் இலவசமாகத் தெருவுக்குக் கொண்டுவந்தோம். இந்த ஒன்றில் நம் வழியே மேல் என்பேன்.

குறையும் பெரியது. திட்டம் எட்டாம் வகுப்போடு நின்றது. ஒன்பது, பத்துக்குப் பாட வீடியோக்களோடு 2023இல் 'மணற்கேணி' செயலி வந்தது. ஒரு மதிப்பெண் கேள்விக்குச் செயலியே விடை சரிபார்த்துவிடலாம். காம்பஸால் போட்ட வில்லைத் திருத்த ஆள் வேண்டும்.

ஆகவே பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் இன்னொரு ஸ்மார்ட் போர்டு கேட்காதீர்கள். ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் நோட்டை வாரம் இரண்டு மாலை திருத்தித் தர, ஊரிலேயே கணிதம் படித்த ஒருவரைக் கேளுங்கள்.