மரவுரியும் சேலைத் துணியும்

மரவுரி என்றாலே நமக்குக் காட்டுக்குப் புறப்பட்ட இராமன்தான் நினைவுக்கு வருவான். பசிபிக் தீவுகளிலோ அது இன்றும் பெண்கள் கையால் உருவாகும் துணி. பிஜியில் அதற்கு 'மாசி' என்று பெயர். மல்பெரி இனத்து மரமொன்றின் உட்பட்டையை உரித்து, ஊறவைத்து, கட்டையால் தட்டித் தட்டி அகலமாக்கி, செம்மண்ணாலும் கரியாலும் அதில் கோலம் பதிப்பார்கள்.

நியூசிலாந்து ஓவியர் ராபின் ஒயிட் 1982 முதல் 1999 வரை கிரிபாத்தி தீவில் வாழ்ந்தவர். 1996இல் அவருடைய பட்டறை தீயில் எரிந்துபோயிற்று. போனது போகட்டும் என்று ஊர்ப் பெண்களோடு உட்கார்ந்து, தாழை ஓலைப் பாயில் தம் சித்திரங்களை முடையச் செய்தார். பிறகு பிஜியின் லெபா டோகி, பாலே ஜியோனே ஆகியோரோடு சேர்ந்து 'தெய்தெய் வோ', அதாவது 'புதிய தோட்டம்', என்ற படைப்பைச் செய்தார். 2009இல் பிரிஸ்பேனில் நடந்த ஆசிய பசிபிக் கலைக் கண்காட்சியில் அது இடம்பெற்றது. மூவரும் பஹாய் சமயத்தினர். மூவர் பெயரும் சமமாகவே போடப்பட்டுள்ளன. நம் ஊர்க் கைத்தறிக் கண்காட்சிகளில் நெய்தவர் பெயரைத் தேடிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இந்தப் படைப்பை நான் படங்களில்தான் பார்த்திருக்கிறேன். பார்த்ததும் மனசை நிறுத்தியது ஒரு விஷயம்: மாசியோடும் பாயோடும் சேலைத் துணியும் அதில் இருக்கிறது. சும்மா அழகுக்காக வந்த துணி இல்லை அது. 1879 முதல் 1916 வரை சுமார் 60,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் பிஜிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியாகத் தென்னிந்தியரும் போனார்கள். அந்தக் கரும்புத் தோட்டத்துப் பெண்களை நினைத்துத்தான் பாரதி பாடினார். 1987, 2000 ஆண்டுகளின் ஆட்சிக் கவிழ்ப்புகளுக்குப் பிறகு அவர்களுடைய சந்ததியார் ஏராளமானோர் அந்த நாட்டையே விட்டுப் போனார்கள். அப்படிப்பட்ட மண்ணில், பிஜிப் பெண்கள் தங்கள் மரவுரிக்குப் பக்கத்தில் சேலைக்கும் இடம் தந்தது பெரிய மனசு.

ஆனாலும் எனக்கு ஒரு குறை உண்டு. சேலை வந்தது, சேலை கட்டியவள் வரவில்லை. செய்த மூவரில் பிஜி இந்தியப் பெண் ஒருத்திகூட இல்லை. அவளும் ஊசி நூலோடு உட்கார்ந்திருந்தால், தோட்டத்தில் எதை நடுவது என்ற பேச்சே வேறு மாதிரி போயிருக்கும். மற்றவர்கள் அவளுக்காக நினைத்துப் பார்த்தது ஒன்று. அவளே சொல்லியிருக்கக்கூடியது வேறொன்று.

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இது தூரத்துக் கதையல்ல. இங்குள்ள விழா மேடைகளில் நம் பட்டையும் பரதத்தையும் வரிசையில் ஒன்றாக வைக்கிறார்கள், நாமும் மகிழ்ந்துபோகிறோம். நம் பொங்கல் விழாவிலும் இவ்வூர்ப் பாட்டு ஒன்றைப் பாடிவிட்டு, இவ்வூர்க்காரரைப் பார்வையாளர் வரிசையில் உட்காரவைத்துவிடுகிறோம். அடுத்த விழாவுக்குத் திட்டம் போடும் நாளிலேயே பக்கத்து வீட்டாரையும் கூப்பிட்டுப் பாருங்களேன்.