கிளியூரில் எந்தக் கிளி?

ஏற்காடு ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் கிளியூர் அருவியாக விழுகிறது. சுமார் 300 அடி. சுற்றுலாக் குறிப்பு எதை எடுத்தாலும் உயரம் இருக்கும், ஏரியிலிருந்து தூரம் இருக்கும். பெயருக்கு விளக்கம் கேட்டால் மட்டும், "அந்தக் காலத்துல கிளி நிறைய இருந்துச்சுங்க" என்று ஒரே வரியில் முடிந்துவிடும். எனக்கு இந்த வரி மேல்தான் குறை.

கிளி என்று காதில் விழுவதெல்லாம் பறவை ஆகிவிடாது. கன்னியாகுமரி மாவட்டத்தில் கிள்ளியூர் இருக்கிறது. சோழர்களில் நலங்கிள்ளி, நெடுங்கிள்ளி என்று ஒரு வரிசையே உண்டு. (கிளிமஞ்சாரோவை எந்திரன் பாட்டு நம்ம ஊர்க் கிளி மாதிரி ஆக்கிவிட்டது, அது வேறு கதை.) பறவையை வைத்து விளக்கம் சொல்கிறவர் அந்தப் பறவையையாவது காட்ட வேண்டாமா? எந்தக் கிளி, எதைத் தின்றது, அதனால் யாருக்கு என்ன?

மலையிறங்கி சேலம் மாங்காய்க் கடைக்கு வாங்க. கிளிமூக்கு. பெங்களூரா என்றும் சொல்வார்கள். காயின் நுனி கூராகி ஒரு பக்கமாக வளைந்திருக்கும். வடக்கே அதுவே தோத்தாபுரி. இந்தியில் தோத்தா என்றால் கிளி. கன்னடத்தில் கிணிமூத்தி, அதாவது கிளிமூஞ்சி. மூன்று மொழிக்காரர்களும் ஒரே அலகைப் பார்த்திருக்கிறார்கள். சேவல் வளர்க்கிறவர்களிடம் 'கிளிமூக்கு விசிறிவால்' இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கைக்குத் தினமும் இலையால் கட்டுகிற கிளிக்கு அலகு மாதுளம்பூ. இவர்கள் எல்லாம் பறவையை உற்றுப் பார்த்தவர்கள்.

கபிலரிடம் பார்வையோடு பகையும் உண்டு. குறிஞ்சிப்பாட்டில் தினைப்புனம் காக்கிற பெண்களுக்குத் தழல், தட்டை, குளிர் என்று கிளி விரட்டத் தனிக் கருவிகளே இருக்கின்றன. ஐங்குறுநூற்றில் அவருடைய 'கிள்ளைப் பத்து' இன்னும் சுவாரசியம். அங்கே காதலன் கிளிகளை நீடு வாழச் சொல்கிறான். ஏன்? கிளி தினைக்கு வந்தால்தான் அவளைக் காவலுக்கு அனுப்புவார்கள், அப்போதுதான் இவன் அவளைப் பார்க்க முடியும். நஷ்டம் அவள் வீட்டு விளைச்சலில், லாபம் இவனுக்கு! கிளி என்றாலே அழகு என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைத் தொடுவதில்லை.

சேர்வராயன் மலையும் குறிஞ்சிதான். மலையாளி மக்கள் சாமையும் தினையும் விதைத்த மலை. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்தார். பிறகு சரிவுகள் ஒவ்வொன்றாகத் தோட்டமாயின. தினை விதைத்தவருக்குக் கிளி விரட்ட வேண்டிய பறவை. தோட்டத்து பங்களா வராந்தாவில் உட்கார்ந்தவருக்கு அது பறந்து போகிற ஒரு பச்சை, அவ்வளவுதான். "கிளி நிறைய இருந்துச்சு" என்பது அந்த இரண்டாவது ஆளின் வரி. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை புனத்தில் கத்திக்கொண்டிருந்தவர் இவ்வளவு சாவகாசமாகச் சொல்லியிருக்க மாட்டார் என்பது என் எண்ணம்.

வெறும் அழகு என்று வைத்துவிட்டால் அடுத்து கூண்டுதான். நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் அடைப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஜோசியக் கிளிக்கும் இதே சட்டம். ஆனாலும் நகரத்துப் பிள்ளைகள் பலர் முதலில் கிட்டத்தில் பார்க்கிற கிளி சிறகு வெட்டின கிளியாகத்தான் இருக்கிறது.

அருவிக்குப் போகிறவர்கள் செல்ஃபி முடிந்ததும் கொஞ்சம் மரத்து உச்சியையும் பாருங்க. ஊர்ப் பச்சைக்கிளிக்கு அலகு சிவப்பு. கழுத்து வளையம் வளர்ந்த ஆணுக்குத்தான். காட்டோரத்துச் செந்தலைக் கிளி அதைவிடச் சிறியது, அலகு மஞ்சள். ஆணுக்குத் தலை பிளம் பழ நிறம், பெண்ணுக்குச் சாம்பல் நீலம். பறக்கும்போது வால் நுனி வெள்ளையாகத் தெரியும்.