பலகைக்குப் பணம், கேபிளுக்குப் பஞ்சம்

வெளிப்புற எல்இடி அறிவிப்புப் பலகைன்னு பேச்செடுத்தாலே பிக்சல் இடைவெளி, பிரகாசம், கலர் என்றுதான் பேச்சு போகிறது. தகவலைக் கொண்டுபோகும் கேபிளோ விலைப்பட்டியலின் கடைசியில் "தேவைக்கேற்ப" என்ற ஒற்றைச் சொல்லோடு முடிந்துவிடும். என் விமர்சனம் அந்த ஒற்றைச் சொல் மீதுதான்.

மதுரை ரயில் நிலையத்தையே கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். எந்தப் பெட்டி எங்கே நிற்கும்னு காட்டும் பலகைகள் நடைமேடை நெடுக இருக்க வேண்டும். ஒரு எல்எச்பி பெட்டி ஏறக்குறைய 24 மீட்டர். 22 பெட்டி வண்டி என்றால் 500 மீட்டரைத் தாண்டும். செம்புக் கம்பி ஈதர்நெட்டுக்கு ஓர் இணைப்பின் எல்லை 100 மீட்டர். ஆர்எஸ்-232 சுமார் 15 மீட்டரிலேயே மூச்சு வாங்கும். ஆர்எஸ்-485, வேகத்தைக் குறைத்தால் 1,200 மீட்டர் வரை போகும். ஆக, முதலில் கேட்க வேண்டியது விலையை இல்லை, தூரத்தை.

ஆர்எஸ்-485க்கும் நிபந்தனை உண்டு. ஒரு பலகையிலிருந்து அடுத்ததுக்கு என்று சங்கிலியாகத்தான் கேபிள் போகணும். சங்கிலியின் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் வேணும். வேலை நடக்கும் இடங்களில் நான் அதிகம் பார்ப்பது, நடுவில் ஒரு பெட்டி வைத்து நாலு திசைக்கும் கிளை இழுப்பதைத்தான். கிளை நீண்டால் சிக்னல் முனையில் மோதித் திரும்பி, பின்னால் வருவதைக் குழப்பும். பலகை ஒரு நேரம் சரியாகக் காட்டும், ஒரு நேரம் கண்டபடி காட்டும். பழி பலகை மேல் விழும். அதை மாற்றுவார்கள், கோளாறு அப்படியே இருக்கும்.

அடுத்து வெயில். மதுரையில் சித்திரை, வைகாசியில் 40 டிகிரி புதுசில்லை. கட்டடத்துக்குள் போடும் சாதா பிவிசி உறைக் கேபிளை வெளியே கட்டினால் புற ஊதாக் கதிரில் உறை வெடித்து, மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும். வெளியே கறுப்பு பாலிஎத்திலீன் உறைதான் தாங்கும். மலிவாகக் கிடைக்கும் சில "கேட் 6" கேபிள்களில் அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சுதான் இருக்கும். அலுமினியத்தின் மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். வளைத்தால் சீக்கிரம் ஒடியும். வாங்குமுன் கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், வெள்ளை தெரிந்தால் வேண்டாம்.

மூணாவது இடி. கோடை மழையும் ஐப்பசி மழையும் இங்கே இடியோடு வரும். தனித்தனி எர்த் உள்ள இரண்டு இடங்களைச் செம்புக் கம்பி இணைத்தால், பக்கத்தில் இடி விழும்போது எழும் மின்னழுத்த வித்தியாசம் அந்தக் கம்பி வழியே பாய்ந்து இரு முனையையும் எரிக்கும். உலோகக் கவசமில்லாத ஃபைபரில் இந்தப் பிரச்சினையே இல்லை. செம்புதான் என்றால் சர்ஜ் ப்ரொடெக்டர் வேணும்; நல்ல எர்த் இல்லாவிட்டால் அதுவும் வெறும் டப்பா.

"சிம் கார்டு போட்டா கேபிளே வேண்டாமே" என்பார்கள். ரிங் ரோட்டில் தனியாக நிற்கும் பலகைக்கு அது சரி. ஒரே நடைமேடையில் இருபது பலகைக்கு இருபது சிம் என்பது இருபது ரீசார்ஜ், இருபது தலைவலி.

திருமங்கலம் மாதிரி நிலையங்களில் வண்டி ஓரிரு நிமிஷம்தான் நிற்கும். பலகை தப்பாகக் காட்டினால், மூட்டையும் வயசான அம்மாவுமாக ஒரு குடும்பம் வண்டி நெடுக ஓட வேண்டியதுதான். திறப்பு விழா போட்டோவில் கேபிள் தெரியாது. அதனால்தான் ஒப்பந்தத்திலேயே தூரம், உறை, கம்பி, முனை ரெசிஸ்டர், எர்த் என்ற ஐந்தையும் தனித்தனி வரியாக எழுதச் சொல்கிறேன். எழுதியிருந்தால்தான், பள்ளத்தை மூடுமுன் யாராவது சரிபார்க்கக் கேட்க முடியும்.