சிட்டையும் ஐந்தொகையும்: ஆனந்தின் ஆட்டங்களைப் பயிலும் முறைகள்

சதுரங்க ஆட்டம் முடிந்த அந்த நொடியிலேயே முழுமையாக எழுத்தில் நின்றுவிடுகிறது. கச்சேரியை எழுதிவைத்தால் குரல் விடுபட்டுப்போகும். நாட்டியத்தை எழுதிவைத்தால் உடல் விடுபட்டுப்போகும். ஆனால் சதுரங்கத்தில் நகர்த்தல்களின் வரிசை கையில் இருந்தால் நூறாண்டுக்கு முந்தைய ஆட்டத்தையும் ஒரு காய்கூட இடம் மாறாமல் பலகையில் திரும்ப வைத்துவிடலாம். இந்த வசதியே ஒரு மயக்கத்தையும் உண்டாக்கிவிடுகிறது. ஆட்டங்கள் எல்லாம் கிடைத்துவிட்டதால் ஆட்டக்காரரும் கிடைத்துவிட்டார் என்று வாசகர் எண்ணிக்கொள்கிறார். நெற்குப்பை போன்ற நகரத்தார் ஊர்களில் கணக்குப் பழகியவர்களுக்கு இந்த மயக்கம் எளிதில் வராது. அன்றாட வரவு செலவை நடந்த வரிசையிலேயே எழுதும் சிட்டை வேறு, அதை ஆள்வாரியாகவும் இனவாரியாகவும் பிரித்துப் பதியும் பேரேடு வேறு, பற்றும் வரவும் சரிக்கட்டி உண்மை நிலையைக் காட்டும் ஐந்தொகை வேறு என்பது அவர்களுடைய தொழிலின் முதல் பாடம். ஆட்டக் குறிப்பு சிட்டை மட்டுமே. படைப்பாற்றல் மிக்க ஒரு கிராண்ட்மாஸ்டரின் வாழ்க்கையை ஆராய்பவர் அதிலிருந்து பேரேட்டையும் ஐந்தொகையையும் தாமே எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது. விசுவநாதன் ஆனந்தைப் பொறுத்தவரை அந்த வேலை எந்த அளவுக்கு நடந்திருக்கிறது, எங்கே தடுமாறுகிறது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

ஆனந்தின் வாழ்க்கைக் குறிப்பு பலரும் அறிந்ததே. 1969இல் மயிலாடுதுறையில் பிறந்து, சென்னையில் சோவியத் பண்பாட்டு மையத்தில் மானுவேல் ஆரோன் தொடங்கிய தால் சதுரங்கக் கழகத்தில் பழகி, 1987இல் உலக இளையோர் பட்டத்தையும் அதையடுத்து இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் என்ற தகுதியையும் பெற்றவர். 2000, 2007, 2008, 2010, 2012 ஆகிய ஆண்டுகளில் உலகப் பட்டம் அவரிடம் வந்தது அல்லது அவரிடமே தங்கியது. 2013இல் சென்னையிலேயே மேக்னஸ் கார்ல்சனிடம் அதை இழந்தார். தமிழ் இதழ்களில் ஆனந்தைப் பற்றி வருவனவற்றில் பெரும்பகுதி இந்தப் பட்டியலோடு நின்றுவிடுகிறது. இது ஐந்தொகையின் கடைசி வரியை மட்டும் உரக்கப் படிப்பது போன்றது.

ஆய்வுக்கு உதவும் மூலங்கள் பல தரத்தன. முதலாவது, ஆட்டக்காரர் தாமே தம் ஆட்டங்களுக்கு எழுதிய உரை. ஜான் நன் என்ற ஆங்கிலக் கிராண்ட்மாஸ்டரின் துணையோடு ஆனந்த் 1998இல் வெளியிட்ட சிறந்த ஆட்டங்களின் தொகுப்பு இவ்வகையில் முதன்மையானது. இரண்டாவது, 2019இல் சூசன் நைனனுடன் சேர்ந்து எழுதிய 'மைண்ட் மாஸ்டர்' என்ற தன்வரலாறு. அதில் மனநிலைகள் உண்டு, நகர்த்தல்கள் குறைவு. மூன்றாவது, இதழ்களும் ஆட்டத் தொகுப்புகளும். 1966 முதல் யூகோஸ்லாவியாவிலிருந்து வெளிவந்த 'இன்ஃபர்மேட்டர்' தொகுதிகள், எந்த மொழியும் தேவைப்படாதபடி குறியீடுகளாலேயே உரை எழுதியவை: ஓர் ஆச்சரியக்குறி நல்ல நகர்த்தலையும், இரண்டு ஆச்சரியக்குறிகள் அரிய நகர்த்தலையும், இரண்டு கேள்விக்குறிகள் பெரும் பிழையையும் குறிக்கும். கணினித் தரவுத்தளங்கள் வருவதற்கு முன் சென்னையிலிருந்த ஒரு சிறுவனுக்கும் மாஸ்கோவிலிருந்த ஒரு பயிற்சியாளருக்கும் பொதுவாக இருந்த ஏடு அதுதான்.

அச்சில் வந்ததை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற கேள்விக்கு ஆனந்தின் ஆட்டச் சிட்டையிலேயே ஒரு பதில் இருக்கிறது. 1988இல் சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் கொலம்பியாவின் அலோன்சோ சபாடாவுக்கு எதிராகப் பெட்ரோஃப் தற்காப்பு ஆடிய ஆனந்த், ஐந்தாவது நகர்த்தலில் தம் மந்திரியை எஃப்5 கட்டத்தில் வைத்தார். சபாடா ராணியை ராஜாவுக்கு முன்னே ஈ2 கட்டத்துக்குக் கொண்டுவந்ததும் ஆட்டம் முடிந்தது. (கட்டங்களை வெள்ளையின் இடப்புறத்திலிருந்து ஏ முதல் எச் வரை எழுத்தாலும், கீழிருந்து 1 முதல் 8 வரை எண்ணாலும் குறிப்பது இன்றைய வழக்கம், மூலைவாட்டில் செல்லும் காயான பிஷப் இக்கட்டுரையில் மந்திரி எனப்படுகிறது.) கறுப்பின் குதிரை ராணிக்கும் ராஜாவுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு எப்படியும் விழப்போகிறது என்பதால் ஆறே நகர்த்தல்களில் ஆனந்த் தோல்வியை ஒப்புக்கொண்டார். இதில் கவனிக்க வேண்டியது தோல்வியை விட அதன் மூலம். அதே ஐந்தாவது நகர்த்தலை அதற்கு முந்தைய ஆண்டு லாரி கிறிஸ்டியன்சன், டோனி மைல்ஸுக்கு எதிராக ஆடியிருந்தார். மைல்ஸ் தண்டனை கொடுக்காமல் விட்டு, ஆட்டம் விரைவாகச் சமனில் முடிந்தது. பெரிய பெயர்கள் ஆடியது சரியாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டதே பீலில் நடந்த பிழை. வாழ்க்கை வரலாறுகள் இந்த ஆட்டத்தை வேடிக்கைத் துணுக்காகக் கடந்துவிடுகின்றன. உண்மையில், பிறர் ஆட்டத்தைக் கடன் வாங்கும் பழக்கம் ஆனந்தின் ஆட்டத்தில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேறில்லை. அந்தப் பழக்கத்தின் வட்டியும் முதலுமாகத் திரும்பிய வரவு இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து வந்தது.

2013 ஜனவரியில் நெதர்லாந்தின் வைக் ஆன் சே ஊரில் நடந்த போட்டியில் அர்மீனியாவின் லெவோன் அரோனியனுக்கு எதிராக ஆனந்த் கறுப்புக் காய்களுடன் ஆடிய ஆட்டம், அவர் உலகச் சாம்பியனாக இருந்த காலத்தின் மிகச் சிறந்த படைப்பு என்று கொள்வதில் தவறில்லை. ஆட்டத்தின் தொடக்கம் மெரான் என்ற வகை. கறுப்பு, வெள்ளையின் சிப்பாயை சி4இல் வெட்டி, உடனே பி5க்குத் தன் சிப்பாயைத் தள்ளி ராணிப்பக்கத்தில் இடம் பிடிக்கும் முறை. 12ஆவது நகர்த்தலில் அரோனியனின் குதிரை ஜி5க்கு வந்து, கறுப்பு ராஜாவுக்கு முன்னிருந்த எச்7 சிப்பாயைக் குறிவைத்தது. அதைக் காப்பதே எவரும் நினைக்கும் வழி. ஆனந்த் அதைக் கண்டுகொள்ளாமல் நடுவில் சி5க்குச் சிப்பாயைத் தள்ளினார். குதிரை எச்7ஐ வெட்டி உள்ளே வந்தபோதும் அதை வெட்டாமல், தம் குதிரையை ஜி4க்கு அனுப்பினார். 15ஆவது நகர்த்தலில் மந்திரியை சி5இல், வெள்ளைச் சிப்பாய் வெட்டும் இடத்திலேயே வைத்தார். அடுத்த நகர்த்தலில் இரண்டாம் குதிரையையும் ஈ5இல் பலிக்கு நிறுத்தினார். அந்தக் குதிரையை வெள்ளைச் சிப்பாய் வெட்டினால் கறுப்பு ராணி டி4இல் புகுந்து சோதனை கொடுக்கும். ராஜா மூலைக்கு ஒதுங்க, ராணி ஜி1இல் தன்னையே கொடுக்கும். யானை அதை வெட்டிய மறுகணம், தன் காய்களாலேயே அடைபட்ட ராஜாவுக்கு எஃப்2இலிருந்து குதிரை முடிவு கட்டும். இதை மூச்சடைப்பு மாட் என்பர்.

அரோனியன் அந்த வலையில் விழவில்லை. ஜி4 குதிரையை வெட்டினார், பிறகு கறுப்பின் யானையையும் வெட்டினார். யானையை வெட்டிய குதிரையைத் திரும்ப வெட்ட அவசரப்படாமல் ஆனந்த் எஃப் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளியது இந்த ஆட்டத்தின் அமைதியான, ஆனால் பலரும் கவனிக்காத நகர்த்தல். அது, ஜி4இல் திரும்ப வெட்டி வந்து நின்ற இரண்டாம் குதிரைக்குத் தாங்கலாகிறது. வெள்ளை ராணி சி2இலிருந்து எச்7க்குப் பாயும் மூலைவாட்டையும் அடைக்கிறது. பின்னர் கறுப்பு ராணி எச்5க்கு வந்தபோது, வெள்ளையின் எச்3 சிப்பாய் குதிரையை வெட்ட முடியாமல் போயிற்று. வெட்டினால் எச் வரிசை திறந்து சொந்த ராஜாவே சோதனையில் நிற்கும் என்பதால் விதியே அதைத் தடுக்கிறது. 23ஆவது நகர்த்தலில் மந்திரி ஈ3க்குச் சென்றதும் அரோனியன் ஒப்புக்கொண்டார். கணக்கிட்டால் வெள்ளையிடம் மந்திரிக்குப் பதில் ஒரு யானை அதிகம். ஆனால் அந்தப் பக்கத்து ஏ1 யானையும் சி1 மந்திரியும் ஆட்டம் முழுதும் அசையவே இல்லை. பெட்டகத்தில் பூட்டிய பணத்தை நடப்பு முதலாகக் கணக்கெழுதியவரின் நிலை அது.

இந்த ஆட்டத்தைப் புரிந்துகொள்ள 1907இல் போலந்தின் லோட்ஸ் நகரில் அகிபா ரூபின்ஸ்டைன், ரோட்லெவிக்கு எதிராக ஆடிய ஆட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதிலும் கறுப்பின் இரு மந்திரிகள் அருகருகே நின்று வெள்ளை ராஜாவின் இருப்பிடத்தை நோக்குகின்றன. அதில் கறுப்பு ராணியையும் யானைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்து வெல்கிறது. இந்த ஒப்புமையை ஆட்டம் முடிந்ததும் பலர் சுட்டினர். அதைவிடச் சுவையான தொடர்பு ஒன்று உண்டு. மெரான் தற்காப்புக்கு அப்பெயர் வந்தது, 1924இல் இத்தாலியின் மெரான் நகரில் குருன்ஃபெல்டுக்கு எதிராக அதை ஆடியதால். ஆடியவரும் இதே ரூபின்ஸ்டைன்தான். ஆக, தொடக்கத்தையும் முடிவின் சாயலையும் ஒரே மூதாதையிடமிருந்து பெற்ற ஆட்டம் இது. பீலில் கடன் வாங்கியவரும் வைக் ஆன் சேயில் கடன் வாங்கியவரும் ஒருவரே. முதல் முறை வாங்கியதைச் சரிபார்க்கவில்லை, இரண்டாம் முறை ஆண்டுக்கணக்கில் புழங்கித் தமதாக்கிக்கொண்டார்.

நினைவுக்கும் படைப்புக்கும் உள்ள இந்த உறவை உளவியலாளர்கள் வேறு வழியில் தொட்டிருக்கிறார்கள். நெதர்லாந்தின் அட்ரியான் டி குரூட் 1946இல் வெளியிட்ட ஆய்வும், அதைத் தொடர்ந்து 1973இல் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் செய்த சோதனைகளும், தேர்ந்த ஆட்டக்காரர் காய்களைத் தனித்தனியே அல்ல, பொருள்படும் சிறு தொகுதிகளாகவே நினைவில் கொள்கிறார் என்று காட்டின. உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்த நிலையைச் சில நொடிகள் காட்டினால் தேர்ந்தவர் கிட்டத்தட்ட முழுதும் திரும்ப அடுக்குவார். காய்களைத் தாறுமாறாக இறைத்து வைத்தால் கற்றுக்குட்டிக்கும் அவருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இந்த ஆய்வுகள் அறிதலை விளக்குகின்றன. அறிந்ததை மீறி எச்7ஐக் கைவிடும் துணிவை விளக்குவதில்லை.

கணினி வந்தபின் ஆய்வு எண்களின் பக்கம் சாய்ந்தது. 2006இல் ஸ்லோவேனியாவின் மடேய் குயிட், இவான் பிராட்கோ ஆகியோர், ஸ்டைனிட்ஸ் முதல் கிராம்னிக் வரை உலகச் சாம்பியன்களின் பட்டப் போட்டி ஆட்டங்களை ஒரு நிரலைக் கொண்டு மதிப்பிட்டு, சராசரிப் பிழை குறைந்தவர் கபாபிளாங்கா என்று முடிவு செய்தனர். எளிய நிலைகளை நாடுபவருக்குப் பிழையும் குறையும் என்பதை உணர்ந்து, நிலைகளின் சிக்கலையும் அவர்கள் அளக்க முயன்றது பாராட்டத்தக்கது. ஆயினும் பிழையின்மையை அளக்கும் கோல் படைப்பை அளக்காது. எதிராளி எந்தக் கேள்விக்கு விடை தேட நேர்ந்தது என்பதே படைப்பின் அளவு; அது எண்ணில் அடங்குவதாகத் தெரியவில்லை.

இதைவிடக் கடினமானது உரிமை பற்றிய கேள்வி. 1995இல் நியூயார்க்கில் உலக வர்த்தக மையத்தின் உச்சியில் காரி காஸ்பரோவுடன் நடந்த உலகப் பட்டப் போட்டியில், எட்டுச் சமன்களுக்குப் பிறகு ஒன்பதாம் ஆட்டத்தை ஆனந்த் வென்றார்; பத்தாம் ஆட்டத்தில் காஸ்பரோவ் வீட்டிலேயே ஆராய்ந்து வைத்திருந்த யானைப் பலியைப் பலகையில் இறக்கினார். அந்தப் போட்டியில் ஆனந்த் பெற்ற அடியை, 2008இல் பான் நகரில் அவரே விளாதிமிர் கிராம்னிக்குக்குக் கொடுத்தார். அதுவரை ராஜாவின் சிப்பாயால் ஆட்டத்தைத் தொடங்கியவர் ராணியின் சிப்பாய்க்கு மாறினார். மூன்றாம், ஐந்தாம் ஆட்டங்களில் கறுப்புடன் மெரான் ஆடி, 14ஆவது நகர்த்தலில் மந்திரியை பி7க்கு வைத்து ஒரு சிப்பாயைத் தாரை வார்த்து, ஜி வரிசையை யானைக்குத் திறந்துகொண்டு இரண்டையும் வென்றார். பீட்டர் ஹைனே நீல்சன், ருஸ்தம் காசிம்ஜானோவ், ரடோஸ்வாவ் வோய்தாஷெக், சூர்யசேகர் கங்குலி ஆகியோர் அப்போட்டிக்கு அவருடைய துணையாளர்கள். அப்படியானால் அந்த நகர்த்தல் யாருடையது? செட்டிநாட்டு வீட்டுக்குத் தேக்கு பர்மாவிலிருந்தும் தரைக்கல் ஆத்தங்குடியிலிருந்தும் வந்திருக்க, நிலைக்கதவில் ஒருவருடைய விலாசம் மட்டும் இருப்பதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிரல்ல. கடிகாரம் ஓடும்போது கையை நீட்டி ஆடியவரே அதற்குப் பொறுப்பு. தவறியிருந்தால் தோல்வியும் அவர் கணக்கிலேயே எழுதப்பட்டிருக்கும்.

அடுத்த தலைமுறை இந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாக்குகிறது. 2023 ஜனவரியில் ஸ்டாக்ஹோமின் ரில்டன் கோப்பைப் போட்டியில் வென்று இந்தியாவின் 79ஆவது கிராண்ட்மாஸ்டரான எம். பிரணேஷ் காரைக்குடிக்காரர். ஆர்.பி. ரமேஷிடம் பயின்ற அந்தத் தலைமுறையினரின் ஆட்டங்கள் நடந்த அன்றே தரவுத்தளத்தில் சேர்ந்துவிடுகின்றன. கணினியின் மதிப்பீடும் கூடவே ஒட்டிக்கொள்கிறது. சிட்டைக்குக் குறைவில்லை, ஆடியவர் தம் கையால் எழுதிய உரைக்குத்தான் பஞ்சம். நெற்குப்பையில் பிறந்த சோம.லெ. மாவட்டம் மாவட்டமாகச் சென்று செய்தி திரட்டி வரிசை நூல்கள் எழுதியதைப் போல, ஒருவர் அமர்ந்து இந்த ஆட்டங்களைத் தமிழில் உரையோடு தொகுக்க இடம் இருக்கிறது. அப்படித் தொகுப்பவர் முதல் பக்கத்திலேயே ஒரு வழக்கைத் தீர்க்க வேண்டும். பழைய நாட்டு ஆட்டத்தில் மந்திரி என்பது இன்றைய ராணியின் இடத்தில் நின்ற காய். பள்ளிப் பிள்ளைகளுக்கோ அது பிஷப். ஈ3இல் மந்திரி வந்ததும் அரோனியன் ஒப்புக்கொண்டார் என்று எழுதினால், திண்ணையில் இருக்கும் பெரியவரும் அவர் பேரனும் பலகையில் வேறு வேறு காய்களைத்தான் எடுத்து வைப்பார்கள்.